எந்த முடிச்சு நல்ல முடிச்சு? காஞ்சிபுரத்து இழையையும் கயிற்றையும் முன்வைத்து

மலையில் கூடாரம் அடிக்கிறவர், பாறை ஏறுகிறவர், கட்டுமரத்தில் போகிறவர், கோபுரத்துக்குச் சாரம் கட்டுகிறவர் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய முடிச்சுகள் எவை? எத்தனை தெரிந்தால் போதும்? ஒரு முடிச்சு நல்லது என்று எதை வைத்துச் சொல்வது? கேட்க எளிய கேள்விகள்தான். ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதப்பட்டுவரும் விடைகள் இன்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

எழுத்தில் கிடைக்கும் பழைய விடைகளில் ஒன்று மாலுமியுடையது அல்ல, மருத்துவருடையது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹெராக்லஸ் என்ற கிரேக்க மருத்துவர், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட உதவும் 18 முடிச்சுகளையும் கண்ணிகளையும் விவரித்திருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் ஓரிபாசியஸ் தொகுத்த மருத்துவ நூலில் அவை தப்பிப் பிழைத்தன. அதே முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஹெர்குலிஸ் முடிச்சால் கட்டிய காயம் சீக்கிரம் ஆறும் என்று எழுதினார். அந்த முடிச்சுதான் இன்று சாரணர் படை முதல் நாளில் கற்பிக்கும் ரீஃப் முடிச்சு. அப்போதே இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஒருவர் வேலைக்கு ஒரு முடிச்சு என்று பிரித்துச் சொல்கிறார். மற்றவர் ஒரு முடிச்சுக்கே தனி மகிமை இருப்பதாக நம்புகிறார்.

இந்த வாதங்களைச் சோதித்துப் பார்க்கக் காஞ்சிபுரம் பொருத்தமான இடம். நகரத்துத் தறிகளில் கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத பட்டிழையைக் கையால் இணைக்கிறார்கள். கோயில்களில் தேர் வடமும் சாரக் கயிறும் புழங்குகின்றன. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை மாமல்லபுரக் கடற்கரையும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கே மரத்தோடு மரத்தைக் கட்டியே கடலுக்குப் போனார்கள். ஆக, முடிச்சைப் பற்றிய பொதுவிதி எதுவானாலும் அது இந்த மூன்று இடங்களிலும் செல்லுபடியாக வேண்டும்.

சிலவே போதும் என்போர்

பேடன்-பவல் 1908-இல் சாரணர் கையேட்டை வெளியிட்டபோது, முடிச்சு ஒழுக்கப் பயிற்சியின் ஓர் அங்கமாயிற்று. 1916-இல் அன்னி பெசண்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கான சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். பல்வேறு இயக்கங்கள் ஒன்றாகி 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் பலருக்கு முடிச்சு ஒரு பாடமாக அறிமுகமானது இந்த வழியில்தான்.

பட்டியல் பெரிதாக மாறவில்லை. பொட்டலமும் கட்டுத்துணியும் கட்ட ரீஃப். பருமன் வேறுபட்ட இரு கயிறுகளை இணைக்க ஷீட் பெண்ட். கம்பத்தில் கட்டைத் தொடங்கக் கிளோவ் ஹிட்ச். இறுகாத வளையம் வேண்டுமென்றால் போலைன். நீளக் கயிற்றைக் குறுக்க ஷீப்ஷாங்க். கூடாரக் கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் சரிசெய்ய ஒரு சறுக்கு முடிச்சு.

இந்தக் கட்சியின் வாதத்தில் உண்மை இருக்கிறது. இருட்டிலும் மழையிலும் விரல் மரத்துப்போன நிலையிலும் போடத் தெரிந்த ஐந்து முடிச்சுகள், புத்தகத்தைப் பார்த்துப் போடும் ஐம்பதைவிட மேல். தெரிந்தவை குறைவாக இருந்தால் தவறாகப் போட்டதை அடுத்தவர் உடனே கண்டுபிடிப்பார். மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இன்றும் கைவிடாத நியாயம் இது.

பலவீனம் பட்டியலின் முதல் பெயரிலேயே இருக்கிறது. ரீஃப் முடிச்சு ஒரு பொருளைச் சுற்றி இறுக்கிக் கட்டும்போது நிற்கும், ஏனென்றால் கட்டப்பட்ட பொருளே அதை அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு தனிக் கயிறுகளை இணைக்க அதைப் பயன்படுத்தினால் ஒரு நுனியை வெடுக்கென இழுத்ததுமே உருக்குலைந்து வழுக்கிவிடக்கூடும். இப்படித் தவறாகப் பயன்பட்டு அது வாங்கிய உயிர்களும் காயங்களும் மற்ற முடிச்சுகள் எல்லாம் சேர்ந்து வாங்கியதைவிட அதிகமாக இருக்கலாம் என்று அமெரிக்க ஓவியர் கிளிஃபர்டு ஆஷ்லி எச்சரித்தார். இரண்டாவது சுற்றில் எந்த நுனி மேலே வர வேண்டும் என்பதில் கை தவறினாலோ கிடைப்பது ரீஃப் அல்ல, கிரானி என்ற போலி. பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும், இழுத்தால் அவிழ்ந்துவிடும். ஷீப்ஷாங்கின் நிலை இன்னும் மோசம். சணல் காலத்துக் கப்பலில் அதற்கு வேலை இருந்திருக்கலாம். வழவழப்பான நைலானில் அதை நம்பி எதையும் தொங்கவிட முடியாது. பட்டியல் பாய்மரக் கப்பலிலிருந்து வந்தது. கயிறு மாறியும் பட்டியல் மாறவில்லை.

எல்லாவற்றையும் எழுதிவைத்தவர்கள்

மறுமுனையில் நிற்பவர் அதே ஆஷ்லி. பதினோரு ஆண்டு உழைப்பில் 1944-இல் அவர் வெளியிட்ட முடிச்சு நூலில் எண்ணிடப்பட்ட பதிவுகளே 3,800-க்கு மேல், படங்கள் சுமார் 7,000. மாலுமி, கசாப்புக் கடைக்காரர், மாட்டுக்காரர், செருப்புத் தைப்பவர், நெசவாளர் என்று தொழில்வாரியாகப் பிரித்து ஒவ்வொருவரின் கட்டையும் வரைந்துவைத்தார். நல்ல முடிச்சு என்று ஒன்று இல்லை, இந்த வேலைக்கு இது என்றுதான் சொல்ல முடியும் என்பது அந்நூலின் உள்ளுறை வாதம். ஹெராக்லஸின் வழி இதுதான்.

தொகுப்பு மரபின் பலவீனத்தை 1978-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது. ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் மருத்துவர் எட்வர்டு ஹண்டர் புதிய முடிச்சு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார் என்று லண்டன் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டது. பிறகு பார்த்தால், ஃபில் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1953-லேயே மலையேறுவோருக்கான சிறு நூலில் அதை விவரித்திருந்தார். அந்தப் பரபரப்பால் பெருகிய ஆர்வம் 1982-இல் முடிச்சு வல்லுநர்களின் சர்வதேசக் கழகம் பிறக்கக் காரணங்களில் ஒன்றாயிற்று. நன்மைதான். ஆனால் எவ்வளவு பெரிய தொகுப்பும் முழுமையாகாது என்பதும், எழுத்தில் ஏறுவது ஒரு முடிச்சின் பிறப்பு அல்ல, அறிமுகம் மட்டுமே என்பதும் அப்போது தெளிவாயின. ஆஷ்லி சேகரித்தவை பெரும்பாலும் அட்லாண்டிக் கரைகளின் கைத்தொழில்கள். சோழமண்டலக் கரையின் கட்டுகளோ தென்னிந்தியத் தறியின் பிணைப்புகளோ அங்கே தனித்து இடம்பெற்றிருந்தால் அந்தத் தொழில்வாரிப் பிரிவே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

எவ்வளவு எடை தாங்கும்?

மூன்றாவது கட்சியினர் அளப்பவர்கள். முடிச்சுப் போட்ட கயிறு, போடாத கயிற்றைவிடக் குறைந்த இழுவிசையிலேயே அறும். வளைவில் வெளிப்புற இழைகள் அதிகம் இழுபடுகின்றன, உட்புற இழைகள் வேலை செய்வதில்லை. மிச்சமிருக்கும் பலத்தைச் சதவீதமாகச் சொல்வது வழக்கம். எட்டு வடிவ வளைய முடிச்சில் 75 முதல் 80, போலைனில் 65 முதல் 75 என்ற அளவில் கையேடுகள் குறிக்கின்றன. சோதனைக்குச் சோதனை இந்த எண்கள் மாறும் என்பதையும் பொறுப்பான கையேடுகள் சொல்லிவிடுகின்றன.

சதவீதம் தரும் தெளிவு ஓரளவு மாயை. ஒற்றைக் கயிறாகப் பயன்படும் ஏறுகயிறு சோதனை வீழ்ச்சியில் 12 கிலோநியூட்டனுக்கு மேல் விசையைக் கடத்தக்கூடாது என்கிறது சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் தரவிதி. அது ஏறத்தாழ 1.2 டன் எடைக்குச் சமம். இத்தகைய புதுக் கயிறுகள் பொதுவாக 2 டன்னுக்கு மேல் தாங்குகின்றன. முடிச்சால் முப்பது சதவீதம் போனாலும் கையிருப்பு மிஞ்சும். நல்ல கயிறு முடிச்சிடத்தில் அறுந்து விபத்தாவது அரிதென்றே கொள்ளலாம். முடிச்சு தளர்ந்து அவிழ்வதும், தவறாகப் போடப்படுவதும், பாதியில் விடப்படுவதுமே ஆபத்து. உலகப் புகழ்பெற்ற ஏறுநர் லின் ஹில் 1989-இல் பிரான்ஸின் புவூ பாறையில் முடிச்சைப் போட்டு முடிக்க மறந்து ஏறினார். 20 மீட்டருக்கு மேல் விழுந்தும் மரக்கிளைகளின் தயவால் பிழைத்தார். எந்தப் பலச் சதவீதமும் அங்கே உதவியிருக்காது.

இந்தக் கட்சிக்கு இன்னொரு தலைவலி, கயிறு மாறிக்கொண்டே இருப்பது. 1928-இல் ரைட், மகோவன் இருவரும் ஆல்பைன் ஜர்னலில் ஏறுநர்களுக்கான முடிச்சுகளை ஆராய்ந்தபோது இருந்தவை மணிலா, சணல் போன்ற நார்க்கயிறுகள். பிசிறும் சொரசொரப்பும் நிறைந்த அந்தக் கயிற்றை இடுப்பில் போலைனாகக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். போருக்குப் பின் நைலான் வந்தது. முறுக்கு நைலானுக்கென்றே கென் டார்பக் ஒரு முடிச்சைப் பரப்பினார். 1953-இல் எடல்ரிட் நிறுவனம் உள்நார்க்கற்றையின் மேல் உறை பின்னிய கயிற்றைக் கொண்டுவந்தது. அத்தகைய கயிறு பரவியதும் டார்பக் முடிச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வழவழப்பான புதுக்கயிற்றில், சுமை இல்லாத நேரத்தில் போலைன் ஆடி ஆடித் தளர்ந்துவிடும் என்ற கவலையால் எட்டு முடிச்சு முன்னுக்கு வந்தது. அதற்குக் காரணமான தகுதி பலம் மட்டும் அல்ல. சரியாகப் போட்டிருக்கிறதா என்று எதிரே நிற்பவர் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம் என்பதே பெரிய தகுதி. பளு ஏறி இறுகிய எட்டை அவிழ்க்க முடியாமல் நகம் பெயர்வதும் உண்டு. போலைன் கட்சி இன்னும் தோற்றுப்போகாததற்கு அதுதான் காரணம்.

வடிவம் ஏமாற்றும் என்பதற்குக் கயிறு வழியே இறங்கும் முறையிலும் சான்று கிடைக்கிறது. இரண்டு கயிறுகளின் நுனிகளையும் ஒரே பக்கம் சேர்த்துப் போடும் சாதாரண ஒற்றை முடிச்சு பார்க்கப் பலவீனமாகத் தெரியும். அதையே எட்டு வடிவத்தில் போட்டால் தடிமனாகவும் திடமாகவும் தெரியும். சோதித்தபோது, தடிமனானதே குறைந்த சுமையில் நுனியை நோக்கிப் புரண்டு கழன்றது. ஒற்றை முடிச்சு தாக்குப்பிடித்தது. பாறை விளிம்பில் சிக்காமல் உருண்டு வருவதும் அதுதான்.

கணக்குப் போட்டவர்கள்

அணு என்பது, எங்கும் நிறைந்ததாக அன்று கருதப்பட்ட ஈதரில் சுழலும் முடிச்சாக இருக்கலாம் என்று 1867-இல் கெல்வின் பிரபு ஊகித்தார். அதை நம்பி பீட்டர் கத்ரி டெய்ட் முடிச்சுகளை அட்டவணைப்படுத்தத் தொடங்கினார். அந்த அணுக்கொள்கை பொய்த்தது, முடிச்சுக் கணிதம் நிலைத்தது. ஆனால் கணிதத்தின் கயிற்றுக்கு நுனி இல்லை, பருமன் இல்லை, சொரசொரப்பும் இல்லை. ரீஃபும் கிரானியும் வெவ்வேறு என்று அது நிறுவும். எது அவிழும் என்று சொல்லாது. கம்பத்தை உருவிவிட்டால் கிளோவ் ஹிட்ச் அதன் கண்ணில் முடிச்சே அல்ல.

களத்தில் நிற்பவருக்கு உதவியது உராய்வுக் கணக்குதான். ஆய்லரும் பின்னர் ஐடல்வைனும் வகுத்த விதிப்படி, கம்பத்தைச் சுற்றிய கயிற்றின் பிடி ஒவ்வொரு சுற்றுக்கும் பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 6.6 மடங்கு, மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 285 மடங்கு. கெழு 0.2-ஆகக் குறைந்தால் மூன்று சுற்றுக்கு 43 மடங்குதான். கயிறு கொஞ்சம் வழவழப்பானால் பிடி எவ்வளவு பெரிதாகச் சரிகிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. 1931-இல் கார்ல் புருசிக் அறிமுகப்படுத்திய, பெரிய கயிற்றைச் சுற்றிக் கவ்வும் சிறு கயிற்று முடிச்சும் இதே உராய்வை நம்பியதுதான். பளு விழுந்தால் பிடிக்கும், எடுத்தால் நகரும். 1977-இல் பேமன் கம்ப முடிச்சுகளுக்கு இந்தக் கணக்கை விரித்து, ஒரு குறிப்பிட்ட அளவு உராய்வைத் தாண்டினால் சில முடிச்சுகள் எவ்வளவு இழுத்தாலும் நழுவாது என்று காட்டினார்.

2020-இல் விஷால் பாட்டீல், யோர்ன் டன்கல் உள்ளிட்ட எம்.ஐ.டி. குழு, இழுபடும்போது நிறம் மாறும் நார்களில் முடிச்சுப் போட்டுப் பார்த்து சயன்ஸ் இதழில் ஒரு விளக்கம் தந்தது. இழை இழையைக் கடக்கும் இடங்களின் எண்ணிக்கை, அங்கே ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் முறுக முயல்கிறது, அருகருகே கிடக்கும் இழைகள் எதிரெதிராக நகர்கின்றனவா என்ற மூன்றையும் எண்ணினால் எது உறுதியானது என்று கணிக்கலாம். ரீஃபில் முறுக்கங்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் பூட்டிக்கொள்கின்றன. கிரானியில் அந்தப் பூட்டு விழுவதில்லை, உருண்டு விடுகிறது. சாரணர் தலைவர்கள் நூறாண்டாகச் சொல்லிவந்ததற்கு இப்போதுதான் காரணம் கிடைத்தது எனலாம். ஆனால் அது முதன்மையாக ஒரே மாதிரியான இரண்டு கயிறுகளை இணைக்கும் முடிச்சுகளுக்கான விளக்கம். கம்பம், பிசிறு, ஈரம், கஞ்சி ஆகியவை அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. தறி அங்கேதான் தொடங்குகிறது.

தறியில் முடிச்சின் ஆயுள்

நெசவாளர் முடிச்சும் மாலுமியின் ஷீட் பெண்டும் வடிவத்தில் ஒன்றே. போடும் விதம்தான் வேறு. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்தால், அதன் இரு நுனிகளைக் கட்டைவிரலுக்கடியில் குறுக்காக வைத்து, ஒன்றைச் சுற்றி வளைத்து, மற்றதை உள்ளே தள்ளி இழுத்தால் முடிந்தது. பழகிய கைக்குக் கணப்பொழுது வேலை.

வடிவம் ஒன்றாயிருந்தும் விதிகள் நேர்மாறு. மலையேறுபவர் முடிச்சுக்கு வெளியே நீளமாக வால் விடுகிறார், வால் குறைந்தால் உயிருக்கு ஆபத்து. நெசவாளர் வாலை ஒட்ட நறுக்குகிறார், வால் நீண்டால் இழைகளை ஏற்றி இறக்கும் விழுதில் சிக்கும், அவற்றைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சில் மாட்டும், பக்கத்து இழையை அறுக்கும். பட்டு இழை நீளமானது, மழமழப்பானது. வழுக்கும் கயிற்றில் ஷீட் பெண்ட் நழுவும் என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. ஆஷ்லி முடிச்சுகளின் பிடியைச் சோதித்ததும் வழுக்கும் மொஹேர் நூலை வெடுக்வெடுக்கென இழுத்துத்தான். அதில் கிரானி சீக்கிரம் விட்டுக்கொடுத்தது, ஷீட் பெண்ட் அதைவிட நெடுநேரம் நின்றது, ஆனாலும் அசைக்க முடியாதது என்று பெயர் வாங்கவில்லை. அப்படியிருந்தும் தறி இத்தனை காலமாக அதையே ஏன் நம்புகிறது?

விடை, அந்த முடிச்சு எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும் என்பதில் இருக்கிறது. போட்ட இடத்திலிருந்து விழுதின் கண்ணையும் அச்சின் பல்லிடுக்கையும் தாண்டி நெய்த விளிம்பை அடையும் வரை அது தாங்கினால் போதும். ஊடை குறுக்கே பாய்ந்து அடித்துச் சேர்த்ததும் அந்த இழையை இருபுறமும் துணியே பிடித்துக்கொள்கிறது. அதன்பின் முடிச்சு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சேலையின் முகப்பில் தெரிந்தால் குற்றம் என்றே கணக்கு. அரிசிக் கஞ்சி தோய்ந்த இழையின் சொரசொரப்பு அந்தக் குறுகிய பயணத்துக்குக் கைகொடுக்கிறது.

புதுப் பாவை ஏற்றும்போது இந்தத் தர்க்கம் இன்னும் துலங்கும். பழைய பாவின் மிச்ச இழைகள் விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே இருக்கும். அவற்றோடு புதுப் பாவின் சில ஆயிரம் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் திரித்துச் சேர்க்கிறார்கள். அச்சு பிணைத்தல் எனப்படும் இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்கள் செய்கிறார்கள். கையேட்டு அர்த்தத்தில் அங்கே முடிச்சே இல்லை, திரிப்புதான். பிணைப்பு ஒரே ஒரு முறை அச்சைத் தாண்டினால் அதன் காரியம் முடிந்தது. முடிச்சு பெரிதாக இருந்தால் அந்த ஒரு முறையும் தாண்டாது.

காஞ்சிபுரத்துக்கே பேர்போன பேட்னியில் இணைப்பு துணியிலேயே தங்கிவிடுகிறது. உடலுக்கு ஒரு நிறம், முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமானால் ஊடையை மட்டும் மாற்றினால் நிறம் கலங்கும். பாவையே மாற்ற வேண்டும். உடல் பாவின் இழைகளோடு முந்தானைப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பிணைத்து, அந்த இடத்தை நெய்து கடக்கிறார்கள். சேலை நைந்தாலும் முந்தானை பிரியாது என்று நெசவு ஊரில் சொல்வதுண்டு. வியாபாரப் பேச்சு கொஞ்சம் கலந்திருக்கலாம், ஆனால் அதற்கு இயற்பியல் அடிப்படை உண்டு. சுமை ஒரு முடிச்சின் மேல் விழாமல் ஆயிரக்கணக்கான இணைப்புகளில் பங்கிடப்படுகிறது, அவை ஒவ்வொன்றையும் ஊடை அழுத்திப் பிடிக்கிறது. ஒற்றைக் கயிற்றை இழுத்து அறுத்து எடுத்த பலச் சதவீதம் இதைப் பற்றி எதுவும் சொல்லாது.

நூற்பாலைகளும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தன. இயந்திரம் போடும் நெசவாளர் முடிச்சு நூலில் தடிப்பாக நின்று அடுத்த கட்டங்களில் தொல்லை தந்ததால், காற்றை வேகமாகப் பீய்ச்சி இரு நுனிகளின் நார்களைப் பின்னிவிடும் இணைப்பு முறைக்கு ஆலைகள் பெருமளவு மாறிவிட்டன.

சாரம், கட்டுமரம், தளைநார்

1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் ஏறத்தாழ 190 அடி உயரம். இப்படிப்பட்ட கோபுரங்களுக்குக் குடமுழுக்குத் திருப்பணி வரும்போது சவுக்குக் கம்புகளால் சாரம் கட்டுவது நெடுநாள் வழக்கம். கம்பும் கம்பும் கூடும் இடத்தில் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றி, இடையே குறுக்காக இழுத்து இறுக்கி, நுனியைச் செருகிவிடுகிறார்கள். சாரணர் கையேடு சதுரக் கட்டு என்று கற்பிப்பதும் கொள்கையில் இதுதான். இங்கே முடிச்சு வெறும் காவலாளி. பாரத்தைச் சுமப்பது சுற்றுகளின் உராய்வு. சவுக்குப் பட்டையின் சொரசொரப்பும் தேங்காய்நாரின் பிசிறும் சேரும்போது ஆய்லரின் கணக்கு கட்டுகிறவர் பக்கம் நிற்கிறது. திருப்பணி முடிந்ததும் அத்தனையும் அவிழ வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. எனவே இங்கே கடுமுடிச்சு போடுவது திறமைக் குறைவு.

கட்டுமரம் இந்த நிபந்தனையை அன்றாடமாக்கியது. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் கடலுக்குப் போவார்கள், திரும்பியதும் கட்டவிழ்த்து மணலில் காயப்போடுவார்கள், இல்லையென்றால் மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். அவிழாத கட்டு அங்கே அறுந்த கட்டுக்கு அடுத்த கேடு. சென்னைக் கரையில் ஓடிய மசூலா படகுகளோ ஆணி இல்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது பலகைகள் சற்றே நெகிழ்ந்து கொடுத்ததால் உடையாமல் கரையேறின. இறுக்கம்தான் நல்ல கட்டின் இலக்கணம் என்ற பொது நம்பிக்கைக்கு இந்தக் கரையிலேயே மறுப்பு இருந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டன.

பனையேறிகளின் தளைநார் முடிச்சு ஆராய்ச்சியாளர் கண்ணில் அதிகம் படாத கருவி. இரண்டு பாதங்களையும் இணைக்கும் அந்த வளையம், பாதங்கள் மரத்தை இருபுறமும் அழுத்துமாறு செய்கிறது. காப்புக் கயிறு கிடையாது. நீலகிரிக் குறும்பர்கள் காட்டுக்கொடி ஏணியில் பாறையில் இறங்கித் தேன் எடுப்பதை இனவரைவியலாளர் பதிந்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடிகள் சிலரிடம், மேலே கயிற்றைக் காப்பவர் தேன் எடுப்பவரின் மைத்துனராகவே இருக்க வேண்டும் என்ற வழக்கம் இருப்பதாகவும் அத்தகைய பதிவுகள் கூறுகின்றன, தன் தங்கையை அவர் விதவையாக்க மாட்டார் என்பதால். லின் ஹில்லின் வீழ்ச்சிக்குப் பின் விளையாட்டு ஏறுநர்கள் வலியுறுத்தும் பரஸ்பரச் சரிபார்ப்பும் இதுவும் ஒரே தேவையின் இரண்டு ஏற்பாடுகள். ஆளை நம்பும் ஏற்பாட்டைக் கையேடுகள் பொதுவாக முடிச்சுப் பாடத்தில் சேர்ப்பதில்லை. சேர்க்கலாம்.

தேர் வடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீளத்துக்கும் முடிச்சில்லாமல் இருப்பதே அதன் தகுதி. பல கோயில்களில் இப்போது இரும்புச் சங்கிலியும் சேர்ந்து இழுக்கிறது.

தீராதவை

நான்கு கட்சிகளில் எதுவும் முழுத் தவறில்லை. தொடக்கப் பாடத்துக்குக் குறுகிய பட்டியல் வேண்டும், ஆனால் அதிலிருந்து ஷீப்ஷாங்கை எடுத்துவிட்டு, எட்டு முடிச்சையும் சுற்றிக் கவ்வும் புருசிக்கையும் சேர்ப்பது இன்றைய கயிற்றுக்குப் பொருந்தும். ரீஃபை வைத்துக்கொள்வதானால் பொட்டலத்துக்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடு வைக்க வேண்டும். எந்த முடிச்சையும் கற்பிக்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கற்பிப்பதே தறியும் சாரமும் தரும் திருத்தம் என்று தோன்றுகிறது: எந்த நாரில், எவ்வளவு நேரத்துக்கு, யார் அவிழ்க்கப்போகிறார்?

போலைனா எட்டா என்ற பூசல் அளவீட்டால் தீரும் என்று தோன்றவில்லை. ஒரு தரப்பு சரிபார்க்கும் எளிமையையும் மறு தரப்பு அவிழ்க்கும் எளிமையையும் முதலில் வைக்கிறது. அது மதிப்பீட்டு வேறுபாடு. அறுபடும் பலத்துக்கு எண் இருப்பதுபோல, ஆடித் தளரும் இயல்புக்கும் எல்லோரும் ஏற்கும் ஒரு சோதனை முறை தேவைப்படுகிறது. ஆஷ்லியின் மொஹேர் நூல் அதற்கு ஒரு தொடக்கம், அவ்வளவே.

நம் பக்கத்தில் அவசரமான கேள்வி வேறு. சாரத்திலும் பந்தலிலும் தேங்காய்நாரின் இடத்துக்குப் பிளாஸ்டிக் கயிறு வந்துகொண்டிருக்கிறது. ஹாங்காங்கில் மூங்கில் சாரத்தைப் பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டுகிறார்கள், ஆனால் அங்கே அதற்கென்று முறையான பயிற்சியும் விதிகளும் வகுத்திருக்கிறார்கள். இங்கே கை அதே பழைய சுற்று எண்ணிக்கையைப் போட, கயிறு மட்டும் மாறினால், உராய்வுக் கெழுவின் சிறு சரிவு பிடியைப் பல மடங்கு குறைத்துவிடக்கூடும். வெயிலில் அந்தக் கயிறு நொய்ந்துபோவது தனிக் கணக்கு. சவுக்குக் கம்பின் மேல் நார்க்கயிறும் பிளாஸ்டிக் கயிறும், காய்ந்தும் நனைந்தும், எவ்வளவு பிடிக்கின்றன என்று அளப்பதற்கு ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகமே போதும். ஒரு கம்பு, இரண்டு கயிறு, ஒரு தராசு. கூடுதலாக எத்தனை சுற்று வேண்டும் என்பது அதிலிருந்து வந்துவிடும்.